பதினான்காவது கேள்வி

போன அக்டோபரில் நான் சாகப்போகிறேன் என்று எங்கள் மையத்தில் இரண்டு பேர் பன்னிரண்டு நாட்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். பதின்மூன்றாம் நாள் அந்தக் கட்சியில் நானும் சேர்ந்துகொண்டேன். சேர்ந்த பிறகு அவர்கள் இரண்டு பேரையும்விட நான்தான் தீவிரமாக நம்பினேன். படித்தவன் பாருங்கள்.

என் பெயர் ஹல்வார்ட். வயது ஐம்பத்தெட்டு. பெர்கனில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஸ்கேன் ஆராய்ச்சி மையத்தில் இயற்பியலாளன். அதோடு பாதுகாப்பு அதிகாரி. எங்களிடம் ஒரு ராட்சதக் காந்தம் இருக்கிறது. அதற்குள் ஆட்களைப் படுக்கவைத்து மூளையைப் படம் எடுக்கிறோம். வருகிறவர்கள் நோயாளிகள் இல்லை, ஆராய்ச்சிக்காகத் தாங்களாகவே வந்து படுக்கிற நல்லவர்கள். அந்தப் படங்களை வைத்து உளவியல்காரர்கள், மருத்துவக்காரர்கள், மொழித்துறைக்காரர்கள் எல்லோரும் கட்டுரை எழுதுவார்கள். கட்டுரையின் கடைசி வரியில் எனக்கு நன்றி சொல்லுவார்கள். சிலர் மறந்துவிடுவார்கள். அவர்கள் பெயரெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

எங்கள் மையத்தில் ஒரு சட்டம் உண்டு. காந்த அறைக்குள் இரும்போடு நுழைந்தவர் வெள்ளிக்கிழமை கேக் கொண்டுவர வேண்டும். கணினியைப் பூட்டாமல் எழுந்து போனாலும் கேக். சட்டத்தைப் போட்டது நான். மைய இயக்குநர் ஸ்டைனார் ஒரு முறை மதியச் சாப்பாட்டிலிருந்து நேராக வந்து, சட்டைப்பையில் சீஸ் சீவும் கரண்டியோடு உள்ளே போய்விட்டார். அது பறந்து போய்க் காந்தத்தில் அப்பிக்கொண்டது. பிய்த்து எடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அதற்கு நான் அவரை மூன்று வெள்ளிக்கிழமை கேக் கொண்டுவர வைத்தேன். பத்தொன்பது வருடத்தில் கேக் கொண்டுவராத ஒரே ஆள் நான். இதை நான் யாருக்கும் ஞாபகப்படுத்தாத வாரம் கிடையாது.

உள்ளே போகும் ஒவ்வொருவரிடமும் இருபத்திரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். அதை எழுதியதும் நான்தான். வாய்விட்டு வாசித்து, ஒவ்வொன்றுக்கும் பதில் வாங்கி, கடைசியில் கையெழுத்து. ஸ்கேனரை இயக்குகிற போர்கில்ட் அதை அலுக்காமல் வாசிப்பாள். எனக்கு மட்டும் யாரும் வாசிப்பதில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் இயந்திரத்தின் வாரச் சோதனைக்கு நான்தான் படுப்பேன். இருபத்திரண்டுக்கும் "இல்லை" என்று ஒரே இழுப்பில் கோடு போட்டுக் கையெழுத்து வைப்பேன். எழுதியவனுக்கே வாசித்துக் காட்டுவதா?

இது போதாதென்று ஒரு சம்மதப் படிவம். அதையும் நான்தான் எழுதினேன். அதன் அடியில் இரண்டு விஷயங்கள் இருக்கும். படத்தில் எதிர்பாராமல் ஏதாவது தென்பட்டால் உங்களிடம் சொல்லலாமா, ஆம் அல்லது இல்லை. அவசரத்துக்கு யாரைத் தொடர்புகொள்வது, பெயரும் எண்ணும். புதுப் படிவம் வந்த அன்று முதல் ஆளாக நான் கையெழுத்துப் போட்டேன். என் எண் 001. "என் மண்டைக்குள்ள எனக்குத் தெரியாதது என்ன இருக்கப்போகுது?" என்று சொல்லிவிட்டு "இல்லை"யில் டிக் அடித்தேன். தொடர்பு எண்ணில் என் மேஜை போன் எண்ணையே எழுதினேன். "ரொம்ப அவசரம்னா எனக்கே போன் பண்ணுங்கப்பா!" எல்லோரும் சிரித்தார்கள். போர்கில்ட் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு எழுத வேறு எண் இல்லை என்பது அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். என் மனைவி என்னை விட்டுப் போய்ப் பதினொரு வருடம். பிள்ளைகள் இல்லை. இருக்கும் ஒரே தங்கையும் கனடாவில்.

அந்த அக்டோபர் செவ்வாய்க்கிழமை, வாரச் சோதனை முடிந்ததும் தீரில் என்கிற பெண் வந்து நின்றாள். உளவியல் துறையின் ஆராய்ச்சி மாணவி, இருபத்தேழு வயது. மூளையில் இரும்புச்சத்து எங்கே சேர்கிறது என்று காட்டுகிற ஒரு புது வகைப் படத்தை முயன்றுபார்க்க அவளுக்கு ஒரு தலை தேவைப்பட்டது.

"பத்தே நிமிஷம், ஹல்வார்ட். உங்க தலை கிடைக்குமா?"

"ராஜாத்தி, இந்தத் தலை நாலு பாடப்புத்தகத்துல இருக்கு. எடுத்துக்கோ" என்றேன். நாலு இல்லை, ஒன்றுதான். அதிலும் பாதிப் பக்கம்.

அதற்கு இரண்டு நாள் கழித்து உலகம் என்னிடம் அன்பாக நடக்க ஆரம்பித்தது. ஸ்டைனாரிடம் நான் மூன்று வருடமாக ஒரு நல்ல நாற்காலி கேட்டுக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை அவரே என் அறைக்கு வந்தார். வந்தவர் என் தோளில் கை வைத்தார். எங்கள் ஊரில் ஒரு ஆண் இன்னொரு ஆணின் தோளில் கை வைப்பது நாட்டுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தால் மட்டும்தான்.

"நாற்காலி வருது, ஹல்வார்ட். சாய்வு வச்சது. வேற ஏதாவது வேணுமா? லீவு? எங்கயாவது போகணும்னு ஆசை இருந்தா போயிட்டு வா."

"எனக்கு எதுக்கு லீவு?"

"இல்ல... மனுஷனுக்கு எப்ப என்ன தோணும்னு சொல்ல முடியாதுல்ல" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. சளி என்று நினைத்தேன்.

தீரில் என் அறையைக் கடக்கும்போதெல்லாம் நடையை மெதுவாக்குவாள். ஒரு நாள் ஏலக்காய் ரொட்டி கொண்டுவந்து வைத்தாள். இன்னொரு நாள், "நீங்க இல்லாம இந்த மையமே இல்ல" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாள். என்னைப் போன்ற ஒரு ஆள் இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவான்? என் அருமை இவர்களுக்கு இப்போதுதான் புரிந்திருக்கிறது, ஸ்டைனார் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார், என்னை இயக்குநராக்கப் போகிறார்கள். வீட்டில் கண்ணாடி முன் நின்று ஏற்புரையைக்கூடப் பேசிப் பார்த்தேன். நன்றி மறந்தவர்களின் பெயரும் அதில் இருந்தது.

இடையில் என் மேஜை போன் நாலு முறை அடித்தது. எடுத்து "ஹல்வார்ட்" என்றால் மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும், பிறகு வைத்துவிடுவார்கள். மின்சாரக் கம்பெனியை மாற்றச் சொல்லும் விற்பனைக்காரர்கள் என்று நினைத்து, நாலாவது முறை நன்றாகத் திட்டினேன்.

பதின்மூன்றாம் நாள் திங்கட்கிழமை. தீரிலின் அறையை நான் கடந்தபோது உள்ளே ஆள் இல்லை. கணினி பூட்டப்படாமல் திறந்து கிடந்தது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. எங்கள் வழக்கப்படி, பூட்டாத கணினியைக் கண்டுபிடித்தவர் அதே கணினியிலிருந்து எல்லோருக்கும் அஞ்சல் அனுப்ப வேண்டும்: "வெள்ளிக்கிழமை நான் கேக் கொண்டுவருகிறேன்." உட்கார்ந்து பாதி தட்டிவிட்டேன். அப்போதுதான் பக்கத்துத் திரையைப் பார்த்தேன்.

ஒரு மூளை. உச்சந்தலைக்குக் கீழே, பின்பக்கமாக, கோழி முட்டை அளவில் ஒரு கறுப்பு. மூலையில் எண்: 001.

இருபது வருடமாக நான் மாணவர்களுக்கு நடத்தும் முதல் பாடமே படத்தில் தெரிவதெல்லாம் நோய் இல்லை என்பதுதான். கறுப்பாக ஏதாவது கண்டால் முதலில் பதறாதே, இயந்திரத்தைச் சந்தேகி, பிறகு ஆளைச் சந்தேகி, கடைசியில்தான் மூளையைச் சந்தேகி. இதைச் சொல்லும்போது விரலை வேறு ஆட்டுவேன். அந்த நிமிடம் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. தோளில் வைத்த கை, நாற்காலி, ஏலக்காய் ரொட்டி எல்லாம் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்து வரிசையில் நின்றன. நாற்காலிக்குச் சாய்வு எதற்கு என்று இப்போது விளங்கியது.

எப்படி என் அறைக்கு வந்தேன் என்று தெரியாது. வெளியே வழக்கம்போல மழை. பயந்தேன். வேறு நல்ல வார்த்தை இல்லை, சின்னப் பிள்ளை மாதிரி பயந்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று போனைக் கையில் எடுத்தேன். கனடாவில் அப்போது எல்லோரும் தூங்கும் நேரம். அதற்கப்புறம் யாருடைய எண்ணும் தோன்றவில்லை. போனைக் கீழே வைத்துவிட்டு அலமாரியிலிருந்து என் படிவத்தை எடுத்தேன். "சொல்லலாமா?" "இல்லை." டிக் பெரிதாக, ஒரு சுழி போட்டு, அழகாக இருந்தது. கீழே தொடர்பு எண். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த எண் அடித்தது.

எடுத்தேன். மூச்சுச் சத்தம்.

"தீரில்தானே?" என்றேன்.

அந்தப் பக்கம் அழுகை வெடித்தது. "என் திரையில அந்தக் கேக் அஞ்சல் பாதில நிக்குது. நீங்க பாத்துட்டீங்க!"

"பாத்துட்டேன்."

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு நீங்களே எழுதி வச்சிருக்கீங்க. சரி, வீட்ல யார்கிட்டயாவது சொல்லலாம்னு அந்த எண்ணுக்கு அடிச்சா, ஒவ்வொரு தடவையும் நீங்களே எடுக்கறீங்க! கடைசித் தடவை மின்சாரக் கம்பெனின்னு திட்டுனீங்க!"

மூன்று அறை தள்ளி இருந்தவள் போனை வைத்துவிட்டு நேரிலேயே வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. ஸ்டைனாரிடம் மட்டும் சொன்னாளாம். ஸ்டைனார் புள்ளியியல் ஆள். ஒரே ஒரு படத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சரிந்துவிட்டாராம். படம் பார்த்துச் சொல்ல வேண்டிய ரேடியாலஜி டாக்டர் மான் வேட்டைக்குப் போயிருக்கிறார். மலைமேல் போன் கிடைக்காது. அறநெறிக் குழுவுக்கு எழுதினாள். குழு மாதம் ஒரு முறைதான் கூடும். "விதியை மீறிச் சொல்லிடறேன், ஆராய்ச்சியை விட்டு நிறுத்தினா நிறுத்தட்டும்னு இன்னிக்குக் காலைலதான் முடிவு பண்ணேன்" என்று காட்டினாள். கையில் விலகல் கடிதம். கையெழுத்துப் போட்டிருந்தாள். என் வேடிக்கை டிக் ஒன்றுக்காக ஒரு பெண் தன் மூன்று வருடப் படிப்பைத் தூக்கிப் போடத் தயாராக இருந்தாள். கறுப்பைப் பார்த்தபோது வராத அழுகை அதைப் பார்த்ததும் வந்தது.

"கிழிச்சுப் போடு அதை. இன்னொரு படம் எடுக்கணும். இப்பவே. வா."

கட்டுப்பாட்டு அறையில் போர்கில்ட் இருந்தாள். இவளைப் பற்றி நான் சரியாகச் சொல்லவில்லை. எட்டு வருடமாக ஒன்றாக வேலை செய்கிறோம். கணவர் இறந்து ஆறு வருடம். செவ்வாய்க்கிழமை மதியம் நாங்கள் இருவரும் ஒரே மேஜையில் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிப்போம். அவளுடைய பழுப்புச் சீஸில் பாதி என் பக்கம் வரும். அவ்வளவுதான் நடந்திருக்கிறது. நான் வேறு எதுவும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

தீரில் விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் வெளிறிப்போனது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, "எத்தனை நாளா?" என்றாள். என்னைக் கேட்கவில்லை, படத்தைக் கேட்டாள். பிறகு திரைக்குக் கிட்டே போய் அந்தக் கறுப்பை வெகுநேரம் பார்த்தாள். என் தலையைப் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்கேனரில் கிடக்கும் வெள்ளைத் தலையணையைப் பார்த்தாள். மறுபடி என் தலையைப் பார்த்தாள்.

"சரி. விதிப்படி செய்வோம்" என்று கேள்வித்தாளை எடுத்தாள்.

"போர்கில்ட், சாகப்போறவன்கிட்ட என்ன கேள்வித்தாள்? கொடு, கோடு போடறேன்."

"உக்காரு. வாசிக்கணும்னு சட்டம் போட்டது யாரு?"

அதற்குள் ஸ்டைனாரும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். மூன்று பேர் முன்னால் உட்கார்ந்து பதில் சொன்னேன். இதயத்தில் கருவி உண்டா? இல்லை. கண்ணில் இரும்புத்துகள் பட்டதுண்டா? இல்லை. கர்ப்பமாக இருக்கிறீர்களா? அதையும் வாசித்தாள். இல்லை.

"பதினாலு. தலையிலோ முகத்திலோ சாயம், பவுடர், நிறம் கொடுக்கும் பொருள் எதையாவது பூசியிருக்கிறீர்களா?"

"இல்ல."

அவள் பதினைந்துக்குப் போகவில்லை. பேனாவைத் தாளின் மேல் வைத்தபடி காத்திருந்தாள்.

"பதினாலு, திருப்பி வாசிக்கறேன்" என்றாள். குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. "தலையிலோ..."

இங்கே நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இதுவரை உங்களிடமும் மறைத்துவிட்டேன். ஜூனில் மாடிப்படியிலிருந்து எல்லோரையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்தார்கள். நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம். யாருடைய தட்டு இது என்று பார்த்தேன்; என் தலை. ஆகஸ்ட் முதல் தினமும் காலையில் உச்சந்தலையில் அடர்பழுப்பு நிறப் பவுடர் ஒன்றைத் தூவிக்கொள்கிறேன். வழுக்கையை மறைக்கிற பவுடர். இணையத்தில் வாங்கினேன், உறையில் என்ன பொருள் என்று எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஐம்பத்தெட்டு வருடம் பெர்கன் மழையில் குடையில்லாமல் நடந்தவன் ஆகஸ்டிலிருந்து குடை பிடிக்கிறேன். குடையைப் பார்த்து என்னையும் வெளியூர்க்காரன் என்று நினைத்து, சுற்றுலாப் பயணிகள் என்னிடம் வந்து ஜெர்மன் மொழியில் வழி கேட்கிறார்கள்.

பழுப்பு நிறம் எதிலிருந்து வருகிறது? இரும்புத் துருவிலிருந்து. இரும்பைக் காந்தத்துக்குள் கொண்டுபோனால் படத்தில் என்ன ஆகும்? கறுப்பாகும். தீரிலின் புதுப்படம் இரும்பைத் தேடவென்றே செய்தது. பதினான்காவது கேள்வியை நான் எதற்காக எழுதினேன்? இதற்காகத்தான்.

ஸ்டைனார் பார்த்துக்கொண்டிருந்தார். தீரில் பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்காகத் தூவிக்கொண்டேனோ அவள் பேனாவோடு எதிரில் உட்கார்ந்திருந்தாள். செத்தே போயிருக்கலாம் என்று ஒரு விநாடி நிஜமாகவே தோன்றியது.

"ஆமா" என்றேன்.

"எதை?"

"பவுடர். வழுக்கைக்கு."

அவள் அந்தக் கட்டத்தில் நிதானமாக டிக் அடித்தாள். "ஆகஸ்ட்லேருந்து செவ்வாய்க்கிழமை தவறாம தலையணையில பழுப்பா இருக்கும். தொடைச்சு வச்சிருவேன்" என்றாள்.

"தெரிஞ்சிருந்தும் ஏன் சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? உனக்குச் சங்கடமா இருக்காதா?"

ஒருத்தி என் விதிக்குப் பயந்து கறுப்பைச் சொல்லவில்லை. இன்னொருத்தி என் மானத்துக்குப் பயந்து பவுடரைச் சொல்லவில்லை. ஒரு வார்த்தை கலந்து பேசியிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும். நாங்கள் அப்படிப்பட்ட ஜனம்.

துப்புரவு அறைத் தொட்டியில் கை கழுவும் சோப்பைப் போட்டு மூன்று முறை தலையைத் தேய்த்தேன். தண்ணீர் காபி நிறத்தில் ஓடியது. ஈரத்தலையோடு, வட்டம் பளபளக்க வந்து படுத்தேன். பத்து நிமிடம். அந்தக் குழாய்க்குள் எத்தனையோ நூறு முறை படுத்திருக்கிறேன், ஒரு முறைகூடக் கடவுளைக் கூப்பிட்டதில்லை. அன்று கூப்பிட்டேன். பவுடர்தான் காரணம் என்று அறிவு சொன்னது, வயிறு கேட்கவில்லை.

சத்தம் நின்றது. ஒலிபெருக்கியில் ஸ்டைனாரின் குரல் வந்தது.

"ஹல்வார்ட்."

"சொல்லு."

"கேக்."

பின்னால் தீரில் சிரிப்பும் அழுகையுமாக ஏதோ கத்தினாள். உள்ளே படுத்தபடி நானும் அழுதேன். கண்ணீர் காதுக்குள் போனது.

வெள்ளிக்கிழமை மூன்றடுக்குக் கேக் கொண்டுபோனேன். மேலே முழுக்கப் பாலேடு, நடுவில் வட்டமாகச் சாக்லேட் தூள் தூவியிருந்தது. அது தீரிலின் வேலை. கடைக்காரரிடம் எனக்கு முன்னாலேயே போன் பண்ணிச் சொல்லியிருக்கிறாள். வியாழன் அன்று மலையிலிருந்து இறங்கிய டாக்டர் இரண்டு படத்தையும் பார்த்துவிட்டு, "மூளை நல்லா இருக்கு. ஆள்தான் கொஞ்சம்..." என்று எழுத்தில் கொடுத்திருந்தார். ஸ்டைனார் அதை எல்லோர் முன்னாலும் வாசித்தார். நாற்காலியைத் திருப்பி அனுப்பிவிட்டதாகவும் அறிவித்தார்.

கேக் முடிந்ததும் படிவத்தைத் திருத்தினேன். "இல்லை" என்ற கட்டத்தையே எடுத்துவிட்டேன். பிறகு 001க்குப் புதுத் தாள் ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தொடர்பு எண் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த போர்கில்டிடம் போனேன்.

"ஒண்ணு கேக்கணும். இந்த இடத்துல... உன் எண்ணை எழுதலாமா?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கிப் பார்த்தாள். "எழுத இவ்வளவு வருஷம் ஆச்சா உனக்கு?" என்று பேனாவைப் பிடுங்கித் தானே எழுதினாள். எழுதிவிட்டு என் உச்சந்தலையை ஒரு முறை பார்த்தாள். "இதுதான் நல்லா இருக்கு" என்றாள்.

என் அறைக்கு வந்தேன். பாதுகாப்பு அதிகாரி என்ற முறையில் எந்த எண்ணையும் சரிபார்க்காமல் கோப்பில் வைக்கக் கூடாது. என் மேஜை போனிலிருந்து அந்த எண்ணைப் போட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடிப்பது இங்கேயே கேட்டது.

"என்ன, தலையில ஓட்டையா?" என்றாள்.

"இல்ல. எண் வேலை செய்யுதான்னு பாத்தேன்."

"செய்யுது" என்றாள். இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.